வாங்கிய பிறகும் கம்பெனி கையில் இருக்கும் கார்

கேள்வி இதுதான்: "புதிதாக ஒரு எஸ்யூவி புக் செய்யப் போகிறேன். வண்டிக்குள்ளேயே சிம் இருக்கிறது, போனிலிருந்தே ஏசி போடலாம், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம் என்கிறார்கள். இதை யாராவது ஹேக் செய்து ஓடும்போதே நிறுத்திவிட முடியுமா? கம்பெனிக்காரர்களே நினைத்தால் நிறுத்த முடியுமா? அந்த சிம்மைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?"

முதல் இரண்டுக்கும் பதில், முடியும். இரண்டுமே நடந்திருக்கின்றன. ஆனால் இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. கடந்த பத்து வருடங்களில் வெளியே வந்த பெரிய கார் ஹேக்கிங்குகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஹேக்கர் புதிதாக எந்த வழியையும் தோண்டவில்லை. கம்பெனி தன் வசதிக்காக வண்டிக்குள் போய்வர வைத்திருந்த வழியிலேயே நுழைந்திருக்கிறார். வீட்டை விற்றவர் ஒரு சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதையும் பூட்டாத டிராயரில் போட்டு வைத்த நிலைமை இது. அதனால் ஹேக்கரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கம்பெனியில்தான் போய் முடியும்.

2015 ஜூலையில் வெளிவந்த ஜீப் சம்பவத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து நெடுஞ்சாலையில் பத்திரிகையாளர் ஆண்டி கிரீன்பெர்க் 2014 மாடல் ஜீப் செரோக்கியை மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் போகிறார். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். சோதனை என்று தெரிந்துதான் கிரீன்பெர்க் ஓட்டுகிறார். முதலில் ஏசி தானாக முழு வேகத்தில் வீசுகிறது. ரேடியோ அலறுகிறது. வைப்பர் ஓட ஆரம்பிக்கிறது. அடுத்து ஆக்சிலரேட்டர் போய்விடுகிறது. மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. ஓரம் கட்ட இடமில்லாத சாலையில், பின்னால் வண்டிகள் வந்துகொண்டிருக்க, ஜீப் ஊர்ந்து போகும் அளவுக்கு வேகம் இழக்கிறது. பிறகு வேறொரு இடத்தில் மெதுவாக ஓட்டும்போது பிரேக்கையும் செயலிழக்க வைத்துக் காட்டினார்கள். வண்டி சாலையோரப் பள்ளத்தில் போய் இறங்கியது.

அவர்கள் போன வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஜீப்பின் டச் ஸ்கிரீன் யூனிட் ஸ்பிரின்ட் நிறுவனத்தின் மொபைல் நெட்வொர்க்கில் எப்போதும் இணைந்திருந்தது. யூனிட்டில் 6667 என்ற எண்ணுள்ள போர்ட், அதாவது வெளியிலிருந்து தகவல் நுழையும் வாசல், பாஸ்வேர்டு ஏதும் கேட்காமல் திறந்து கிடந்தது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு சாதனத்திலிருந்து அதைத் தொட முடிந்தது. யூனிட்டுக்குள் இரண்டு முக்கிய சிப்கள். ஒன்று திரை, பாட்டு, மேப் எல்லாம் பார்த்துக்கொள்வது. இன்னொன்று காரின் உள் நெட்வொர்க்கோடு பேசுவது. இரண்டாவது சிப்பின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதினால், அது கம்பெனி கொடுத்ததுதானா என்று அந்த சிப் சரிபார்க்கவில்லை. ஆய்வாளர்கள் தாங்கள் எழுதியதை ஏற்றினார்கள். அதன்பின் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கட்டளை அனுப்ப அந்தச் சிப்பே போதுமாக இருந்தது.

கட்டளை வந்ததும் பிரேக் ஏன் கீழ்ப்படிகிறது என்ற கேள்விக்கு விடை 1980களில் இருக்கிறது. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் 'கேன் பஸ்' என்ற முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்தியது. கிலோக்கணக்கில் ஒயர் மிச்சம், விலை மலிவு, மின் இரைச்சலைத் தாங்கும் திறன் என்று அருமையான வடிவமைப்பு அது. இன்றும் அதற்கு மாற்று வரவில்லை என்று சொல்லும் அளவுக்குப் பரவியிருக்கிறது. ஆனால் கேன் பஸ்ஸில் போகும் செய்தியில் 'இது இன்ன விஷயம்' என்ற எண் இருக்குமே தவிர, 'இதை அனுப்பியது யார்' என்ற அடையாளம் இருக்காது. காருக்கு வெளியே இருந்து யாரும் அந்த ஒயரைத் தொடப் போவதில்லை என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. பிறகு அதே ஒயரின் ஒரு முனையில் இன்டர்நெட்டைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இந்த பலவீனத்துக்கு இன்டர்நெட் கூடத் தேவையில்லை. 2022ல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4 திருடு போனது. சொந்தக்காரர் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் என்பதால் துருவிப் பார்த்தார். திருடர்கள் முன்பம்பரை நெம்பி, ஹெட்லைட் கனெக்டரைக் கழற்றி, அந்த ஒயர் வழியாகவே கேன் பஸ்ஸுக்குள் போயிருக்கிறார்கள். புளூடூத் ஸ்பீக்கர் டப்பாவுக்குள் மறைத்து விற்கப்படும் ஒரு கருவி, 'சரியான சாவி உள்ளே இருக்கிறது' என்ற பொய்ச் செய்தியை அனுப்புகிறது. கார் நம்புகிறது. ஹெட்லைட்டிலிருந்து வரும் செய்தி சாவியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்க அதற்குத் தெரியாது.

ஜீப்புக்குத் திரும்புவோம். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சரிசெய்யும் சாஃப்ட்வேரை யூ.எஸ்.பி. டிரைவில் போட்டு ஓனர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். எத்தனை பேர் அதை வண்டியில் செருகியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வருடம் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கீன் ஆய்வகம் டெஸ்லா மாடல் எஸ் காரின் பிரேக்கை சுமார் 19 கிலோமீட்டர் தூரத்திலிருந்து இயக்கிக் காட்டியது. டெஸ்லா 10 நாட்களுக்குள் திருத்தத்தைக் காற்றுவழியாகவே அனுப்பிவிட்டது. அதோடு, தான் டிஜிட்டல் முறையில் கையொப்பமிடாத சாஃப்ட்வேரை முக்கியமான சிப்கள் ஏற்காதபடி மாற்றியும் அமைத்தது. இதை நான் நேர்மையாகச் சொல்லியே ஆகவேண்டும்: தூரத்திலிருந்து அப்டேட் செய்யும் வசதி பாதுகாப்புக்கு உண்மையிலேயே தேவை. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு லட்சக்கணக்கான வண்டிகளை ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த வாசலே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். வாசல் எப்போது திறக்கிறது, யார் திறக்கிறார்கள், ஓனருக்குத் தெரிகிறதா என்பவைதான் என் கவலை.

இந்தக் கவலையை மிகத் தெளிவாக விளக்குவது 2024ல் வெளிவந்த கியா விவகாரம். சாம் கரி என்ற ஆய்வாளரும் நண்பர்களும் காரைத் தொடவே இல்லை. அமெரிக்காவில் கியா டீலர்கள் பயன்படுத்தும் இணையதளத்தில், தாங்களும் ஒரு டீலர் என்று கணக்குத் தொடங்க முடிகிறது என்று கண்டுபிடித்தார்கள். டீலராக நுழைந்த பிறகு ஒரு காரின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் ஓனரின் பெயர், போன் நம்பர், இமெயில் வந்துவிடுகிறது. சேஸிஸ் நம்பர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நம்பர் பிளேட்டை வைத்து அதைத் தேடித் தரும் சேவைகள் அங்கே உண்டு. அடுத்து ஓனரின் இமெயிலை மாற்றி, தன்னையே அந்த வண்டியின் கணக்குக்கு உரியவராகச் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் உங்கள் போன் ஆப்பில் இருக்கும் எல்லாப் பட்டனும் அவர் கையில்: கதவைத் திற, எஞ்சினை ஸ்டார்ட் செய், வண்டி எங்கே நிற்கிறது காட்டு. மொத்த வேலைக்கும் சுமார் 30 வினாடி. ஓனருக்கு ஒரு எஸ்எம்எஸ் கூட வராது. ரோட்டில் போகும் ஒரு பெண்ணின் கார் நம்பரைக் குறித்துக்கொண்டவன், அவருடைய போன் நம்பரையும், கார் இரவில் நிற்கும் இடத்தையும் வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ள முடியும் என்பது இதன் பொருள். 2024 ஜூனில் தகவல் சொன்னார்கள், கியா ஆகஸ்ட்டில் சரிசெய்தது, செப்டம்பரில் விவரம் வெளியானது. யாரும் கெட்ட நோக்கத்தில் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்பது ஆறுதல்தான்.

அதே வருடம் நவம்பரில் கரியும் ஷுபம் ஷாவும் சுபாருவைப் பார்த்தார்கள். கரி தன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்த 2023 மாடல் இம்ப்ரெசாதான் சோதனை வண்டி. சுபாரு ஊழியர்களுக்கான தளத்தில், ஊழியரின் இமெயில் தெரிந்தால் போதும், உறுதிப்படுத்தும் எந்தக் கேள்வியும் இல்லாமல் பாஸ்வேர்டை மாற்ற முடிந்தது. உள்ளே போனவர்களுக்கு அம்மாவின் கார் ஒரு வருடமாக எங்கெல்லாம் போனது என்பது வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்தபோதும் பதிவான இடம், சுமார் 5 மீட்டர் துல்லியத்தில். எந்த டாக்டர், எந்த நண்பர் வீடு, எந்தக் கோயில் அல்லது சர்ச் என்று ஒரு மனிதரின் முழு வாழ்க்கை முறையும் அதிலிருந்து எழுதிவிடலாம். சுபாரு 24 மணி நேரத்தில் ஓட்டையை அடைத்தது, பாராட்ட வேண்டிய வேகம். ஆனால் அடைத்தது வெளியாள் நுழைந்த ஓட்டையை. பொறுப்பில் உள்ள ஊழியர்கள் அந்த இடவிவரத்தைப் பார்க்க முடியும் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரு வருடத்து வரலாற்றைச் சேர்த்து வைக்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சேர்த்து வைப்பது எதுவும் ஒருநாள் வெளியே வரும் என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் சாட்சி. அதன் சாஃப்ட்வேர் நிறுவனமான காரியாட், சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் விவரங்களை அமேசான் கிளவுடில் வைத்திருந்தது. அதற்குள் போகும் சாவி, சரியாக மூடப்படாத ஒரு சர்வரின் நினைவகப் பதிவில் அப்படியே கிடந்தது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பு இதை வெளியே சொன்னது. சுமார் 4,60,000 கார்களின் இடவிவரம் அதில் இருந்தது. ஃபோக்ஸ்வாகன், சியட் வண்டிகளுக்கு 10 சென்டிமீட்டர் துல்லியம். ஹாம்பர்க் போலீஸ் வண்டிகளும் அரசியல்வாதிகளின் கார்களும் பட்டியலில் இருந்தன. பேட்டரி எப்படி உழைக்கிறது என்று ஆராயத்தான் சேகரித்தோம் என்றார்கள். பேட்டரியின் ஆயுளை அறிய, கார் நின்றது இந்த வீட்டு வாசலா பக்கத்து வீட்டு வாசலா என்று எதற்குத் தெரிய வேண்டும்?

இதெல்லாம் கவனக்குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது வியாபாரம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியான செய்தி ஒன்று பலரை உலுக்கியது. ஷெவர்லே போல்ட் வைத்திருந்த ஒருவருக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் திடீரென 21 சதவீதம் ஏறியது. ஏன் என்று கேட்டால் லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் வியாபார நிறுவனத்தைக் கைகாட்டினார்கள். அங்கே கேட்டு வாங்கிய அறிக்கையில், அவரும் மனைவியும் ஆறு மாதத்தில் ஓட்டிய 640 பயணங்கள்: எப்போது கிளம்பினார்கள், எவ்வளவு தூரம், எத்தனை முறை சடாரென்று பிரேக் பிடித்தார்கள். விவரம் போனது ஜெனரல் மோட்டார்ஸின் ஆன்ஸ்டார் சேவை வழியாக. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தபோது, சில கார்களின் இருப்பிடம் 3 வினாடிக்கு ஒருமுறை கூடப் பதிவானதாகச் சொன்னது. 5 வருடத்துக்கு இப்படிப்பட்ட விவரங்களைக் கடன், இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடையும் போட்டது. இந்தியாவில் 2022 ஜூலையிலேயே, ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்து பிரீமியம் வாங்கும் திட்டங்களுக்கு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்துவிட்டது. தெரிந்து, விரும்பிச் சேர்பவருக்கு அது லாபமாகக்கூட இருக்கலாம். யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாகப் போவதைத்தான் தடுக்க வேண்டும்.

நம் ஊர்ப்பக்கமும் ஒரு சம்பவம் உண்டு, ஸ்கூட்டரில். 2022ல் அசாமின் குவாஹாட்டியில் ஓலா எஸ்1 ப்ரோவில் சென்ற இளைஞர் விபத்தில் காயமடைந்தார். வேகத்தடையில் வேகம் குறைய வேண்டிய ஸ்கூட்டர் வேகமெடுத்ததாக அவர் தந்தை சமூக ஊடகத்தில் எழுதினார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்த ஸ்கூட்டரைத் தயாரிக்கும் நிறுவனம், அந்த இளைஞரின் அன்றைய பயண விவரங்களை எடுத்து ஊரறிய அறிக்கையாக வெளியிட்டது. அவர் அதிவேகமாக ஓட்டினார், வண்டியில் கோளாறு இல்லை என்பது அவர்கள் வாதம். யார் சொன்னது சரி என்ற தீர்ப்புக்குள் நான் போகவில்லை. தகராறில் ஒரு தரப்பு மட்டும் பதிவுகளைக் கையில் வைத்திருந்தது, எதை எப்போது வெளியிடுவது என்றும் அதுவே முடிவு செய்தது, ஓட்டியவரின் சம்மதம் கேட்கப்படவில்லை என்று குடும்பம் சொன்னது. நாளைக்கு உங்கள் வண்டி விபத்தில் சிக்கினாலும் நிலைமை இதுதான். பதிவு உங்களிடம் இருக்காது.

இனி 'கம்பெனியே நிறுத்த முடியுமா' என்பதற்கு நேரடியாக வருகிறேன். 2022ல் ரஷ்யப் படைகள் யுக்ரைனின் மெலிட்டோபோல் நகரத்து ஜான் டீர் டீலரிடமிருந்து டிராக்டர்களையும் அறுவடை இயந்திரங்களையும் செச்சன்யா வரை கொண்டு போயின. அங்கே போய்ப் பார்த்தால் ஓடவில்லை, தூரத்திலிருந்தே பூட்டப்பட்டிருந்தன. உலகமே கைதட்டியது. திருடனுக்கு எதிராக நடந்ததால் கைதட்டலாம். ஆனால் அந்த வசதி எல்லா டிராக்டர் ஓனருக்கும் எதிராகவும் அப்படியே இருக்கிறது என்பதை விவசாயிகள் கவனித்தார்கள். 2017ல் புளோரிடாவை இர்மா புயல் நெருங்கியபோது, டெஸ்லா சில கார்களின் பேட்டரித் திறனைத் தூரத்திலிருந்தே கூட்டிக் கொடுத்தது, மக்கள் தப்பிப் போவதற்காக. நல்ல மனதோடு செய்த காரியம். அதே சமயம், அந்த பேட்டரி முழுதாக முதலிலிருந்தே வண்டிக்குள் இருந்தது, பணம் கட்டாததால் சாஃப்ட்வேர் அதில் ஒரு பகுதியைப் பூட்டி வைத்திருந்தது என்பதும் அன்று எல்லோருக்கும் தெரியவந்தது. 2020ல் வெளிவந்த செய்தி ஒன்றின்படி, பழைய டெஸ்லா ஒன்றை வாங்கியவருக்கு, விளம்பரத்தில் இருந்த, வண்டி தானே ஓட உதவும் ஆட்டோபைலட் வசதி வாங்கிய பிறகு கம்பெனியால் எடுக்கப்பட்டது. செய்தி பெரிதான பிறகே திரும்ப வந்தது. பிஎம்டபிள்யூ சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா வைத்து, எதிர்ப்பு கிளம்பி, 2023ல் கைவிட்டது.

யாரும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே வண்டி நிற்கலாம். 2023 நவம்பரில் ரிவியன் நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு ஒரு அப்டேட்டை அனுப்பியதில், கார்களின் திரைகள் இருண்டு போயின. 2025 அக்டோபரில் ஜீப் ராங்லர் ஹைப்ரிட் வண்டிகளுக்குப் போன அப்டேட்டால் சில வண்டிகள் ஓடும்போதே சக்தி இழந்தன. பத்து வருடத்துக்கு முன் அதே ஜீப்பில் இரண்டு நிபுணர்கள் பெரும்பாடுபட்டுச் செய்து காட்டியதை, இந்த முறை கம்பெனியின் சொந்த அப்டேட்டே செய்தது. கம்பெனி திவாலானால்? அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு போட்டது. ஓஷன் கார் வாங்கியவர்கள் சங்கமாகச் சேர்ந்து, சர்வரும் சாஃப்ட்வேரும் நின்றுபோகாமல் இருக்கத் தாங்களே ஓட வேண்டியிருந்தது. கம்பெனி நன்றாக இருந்தாலும் நெட்வொர்க் மாறும். 2022ல் அமெரிக்காவில் 3ஜி அணைக்கப்பட்டபோது, விபத்து நடந்தால் தானாக உதவி கேட்கும் வசதி பல பழைய கார்களில் செத்துப் போனது.

சீனத் தயாரிப்புகள் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. நார்வேயில் ஓஸ்லோ பொதுப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டர், ஒரு யூடாங் பேருந்தைச் சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று வெளி சிக்னல் இல்லாமல் சோதித்து, 2025ல் முடிவை வெளியிட்டது. சாஃப்ட்வேர் அப்டேட்டுக்காகத் தயாரிப்பாளருக்கு மொபைல் நெட்வொர்க் வழியே நுழைவு இருக்கிறது, கோட்பாட்டளவில் பேருந்தை நிறுத்தவும் முடியும் என்றது. அமெரிக்கா 2025 ஜனவரியில், சீன, ரஷ்ய இணைப்பு சாஃப்ட்வேர் உள்ள கார்களை 2027 மாடலிலிருந்து தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. ஒரு நாட்டின் அரசு தன் நிறுவனங்களை வற்புறுத்த முடியும் என்றால் இந்த பயம் நியாயமானதே. ஆனால் நான் மேலே சொன்ன கியா கொரியா, சுபாரு ஜப்பான், ஃபோக்ஸ்வாகன் ஜெர்மனி, ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்கா. எந்த நாட்டுக் கம்பெனி என்று மட்டும் பார்த்து வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

'பாதுகாப்புக்காகத்தான் எல்லாம் எங்கள் கையில் இருக்க வேண்டும்' என்பது கம்பெனிகளின் வழக்கமான வாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020ல் சுமார் 75 சதவீத வாக்காளர்கள், வண்டியின் தகவலை ஓனரும் அவர் விரும்பும் மெக்கானிக்கும் எடுக்க உரிமை வேண்டும் என்று வாக்களித்தார்கள். வெளியே திறந்தால் ஹேக்கர் வருவான் என்று கம்பெனிகள் வழக்குப் போட்டன. கியாவும் சுபாருவும் அந்த மாநிலத்தில் விற்ற புதிய கார்களில் இணைப்பு வசதியையே அணைத்துவிட்டன. பின்னர் 2024ல் ஹேக்கர் நுழைந்தது அதே இரண்டு கம்பெனிகளின் மூடி வைத்த தளங்களில்தான். மூடி வைப்பதும் பாதுகாப்பும் ஒன்றல்ல. கதவுக்குள்ளே இருப்பதைத் தன்னிச்சையாகச் சோதிக்க ஆட்கள் இருந்தால்தான் ஓட்டை சீக்கிரம் தெரியும்.

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், முடியும், ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2018 மார்ச் 31லிருந்து அங்கே புதிய மாடல் கார்களில் இ-கால் என்ற அவசர அழைப்புக் கருவி கட்டாயம். பெரிய விபத்து நடந்தால் அது 112ஐ அழைத்து இடத்தைச் சொல்லும். மற்ற நேரங்களில் தூங்கிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க்கில் பதிவுகூடச் செய்யாது, அதனால் அதை வைத்து யாரும் காரைப் பின்தொடர முடியாது. உயிர்காக்கும் வசதிக்காக நாள் முழுக்க உளவு பார்க்கத் தேவையில்லை என்பதை அந்தச் சிறிய கருவி நிரூபித்திருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வடிவமைப்பு அதுதான்.

சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.நா. விதி 155 வாகன சைபர் பாதுகாப்பையும், 156 சாஃப்ட்வேர் அப்டேட்டையும் ஒழுங்குபடுத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிக்கும் கட்டாயம். இந்தியாவில் இவற்றை ஒட்டி ஏ.ஐ.எஸ்-189, ஏ.ஐ.எஸ்-190 என்ற வாகனத் தரநிலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. இவை பெரும்பாலும் வெளியாளிடமிருந்து வண்டியைக் காப்பது பற்றியவை. கம்பெனி எடுக்கும் விவரங்களுக்கு நம்மிடம் 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். ஐரோப்பாவில் 2025 செப்டம்பரிலிருந்து, வண்டி உண்டாக்கும் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையையே சட்டம் ஓனருக்குக் கொடுத்துவிட்டது. இங்கும் அது வர வேண்டும்.

கார் ஓனர்களைவிட லாரி, வேன், டாக்ஸி வைத்திருப்பவர்களுக்கு நான் ஒன்று அழுத்திச் சொல்வேன். கம்பெனி சிம்மைவிட ஆபத்தானது, கடையில் மலிவாக வாங்கி மாட்டும் ஜிபிஎஸ் டிராக்கர். 2022 ஜூலையில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, மைகோடஸ் எம்வி720 என்ற சீன டிராக்கரைப் பற்றி எச்சரித்தது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு 123456. எஸ்எம்எஸ் மூலமே வண்டியின் எரிபொருளை வெட்ட முடியும். அந்த நிறுவனத்தின் 15 லட்சம் கருவிகள் 169 நாடுகளில் பயன்பாட்டில் இருந்ததாக அதை ஆராய்ந்த பிட்சைட் நிறுவனம் சொன்னது. எஞ்சினை நிறுத்தும் ரிலே வைத்த டிராக்கர் உங்கள் வண்டியில் இருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத கருவி என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ரிலே ஒயரையாவது பிரித்துவிடச் சொல்லுங்கள். இடம் தெரிந்தால் போதும், நிறுத்தும் அதிகாரம் அந்தச் சின்னப் பெட்டிக்கு வேண்டாம். தவணையில் வாங்கிய வண்டியில் ஃபைனான்ஸ் கம்பெனி இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். 2010ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர், தவணைக்கு விற்ற நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை இப்படிப்பட்ட கருவி மூலம் வீட்டிலிருந்தே முடக்கினார். பழைய சக ஊழியரின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் ஷோரூமுக்குப் போகும்போது கேட்க வேண்டியவை: இலவசக் காலம் முடிந்து சந்தா கட்டாவிட்டால் எவையெல்லாம் நிற்கும்? பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும்? தூரத்திலிருந்து வண்டியை ஸ்டார்ட் ஆகாமல் செய்யும் வசதி இருக்கிறதா, அதை இயக்க யாருக்கு அதிகாரம், எனக்குத் தகவல் வருமா? விற்பனையாளருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். இமெயிலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிற்காலத்தில் நுகர்வோர் நீதிமன்றம் போனால் அந்தக் காகிதம்தான் பேசும். ஆப்பில் 'டிரைவிங் ஸ்கோர்' போன்ற வசதிகள் இருந்தால் அணைத்து வையுங்கள். வண்டி விவரத்தை அழகாகக் காட்டுகிறேன் என்று வரும் வேறு ஆப்களுக்கு உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள். 2022ல் 19 வயது ஜெர்மானிய இளைஞர் ஒருவர் அப்படிப்பட்ட ஒரு மென்பொருளின் ஓட்டை வழியாகத்தான் 13 நாடுகளில் 25க்கும் மேற்பட்ட டெஸ்லாக்களின் கதவைத் திறக்கும் நிலைக்குப் போனார். பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு நிறுத்தாதீர்கள். முந்தைய ஓனரின் ஆப்பிலிருந்து வண்டி நீக்கப்பட்டதை அவர் போனிலேயே பார்த்து உறுதி செய்யுங்கள். விட்டால், வண்டி உங்கள் வீட்டில், கதவைத் திறக்கும் பட்டன் அவர் பாக்கெட்டில்.

கடைசியாக, சிம்மைக் கழற்றுவது. பெரும்பாலான புதிய கார்களில் அது நாம் போனில் போடும் சிம் போல வெளியே வராது; வண்டியின் தகவலை நெட்வொர்க்கில் அனுப்பும் டெலிமேட்டிக்ஸ் பெட்டியின் போர்டிலேயே பற்றவைத்த இ-சிம். அந்தப் பெட்டிக்கான ஃபியூஸைப் பிடுங்கலாம். சில மாடல்களில் அதோடு ஹேண்ட்ஸ்ஃபிரீ மைக்கும் போய்விடும், அவசர அழைப்பு வேலை செய்யாது, பாதுகாப்பு அப்டேட்டும் வராது, வாரன்டி தகராறும் வரலாம். அதனால் கழற்றச் சொல்லமாட்டேன். முதலில் கம்பெனியின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள்: என் வண்டியிலிருந்து எதை எடுக்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கிறீர்கள், இடவிவரத்தை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், தேவையற்றதை நிறுத்துங்கள் என்று. அவருடைய தொடர்பு விவரம் ஆப்பின் பிரைவசி பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ, சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டு, ஆப் கணக்கை நீக்கச் சொல்லி இரண்டாவது கடிதம் அனுப்புங்கள். சந்தா முடிந்தாலே தகவல் போவது நின்றுவிடும் என்று நம்பிவிடாமல், நின்றதா என்று அதே கடிதத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.